வலிப்பு மருந்து உண்ணும் நாய்க்குத் தண்ணீரும் உப்பும்

நம் நெல்லைச் சீமையில் வளரும் கன்னி நாயோ சிப்பிப்பாறை நாயோ, வலிப்பு நோய்க்காகப் பினோபார்பிட்டால் அல்லது பொட்டாசியம் புரோமைடு உண்டு வந்தால், முன்பைவிட அதிகமாகத் தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் கழிக்கும். வீடு நனைகிறதே என்று தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து வைத்துவிடாதீர்கள். உடலில் நீர் குறைந்தால் இரத்தத்தில் சோடியம் ஏறி, மூளைச் செல்களிலிருந்து நீர் வெளியேறித் தடுமாற்றமும் வலிப்பும் வரக்கூடும். அக்கினி நட்சத்திர வெயிலில் இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

பலரும் கவனிக்கத் தவறுவது உப்பைத்தான். புரோமைடையும் உப்பிலுள்ள குளோரைடையும் சிறுநீரகம் ஏறத்தாழ ஒன்றுபோலவே கையாளுவதால், பாசத்தில் கருவாட்டை அள்ளிப் போட்டால், மிகுந்த குளோரைடோடு மருந்தும் சிறுநீரில் வெளியேறி, அடங்கியிருந்த வலிப்பு திரும்பக்கூடும். மாறாக, உப்பைத் திடீரென நிறுத்தினால் மருந்து உடலில் தேங்கி, சோர்வும் பின்னங்கால் தள்ளாட்டமும் உண்டாகும். எனவே புரோமைடு உண்ணும் நாய்க்கு உணவின் உப்பளவு நாள்தோறும் ஒன்றாகவே இருக்கட்டும்.

ஒரு நாள் முழுவதும் குடிக்கும் தண்ணீரை அளந்து பாருங்கள். எடையில் கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல், அதாவது 15 கிலோ நாய் ஒன்றரை லிட்டருக்கு மேல் குடித்தால், மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ மறைந்திருக்கலாம்.

வலிப்பின்போது வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், அது நுரையீரலுக்குள் போய்விடும். இரும்புச் சாவியாலும் பயனில்லை. வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டினால், இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ அருகிலுள்ள கால்நடை மருத்துவமனைக்கோ உடனே கொண்டுசெல்லுங்கள்.