முன்கையில் முளைத்த கண்: மரபணுத் திகில் படத்துக்கு ஒரு சிலிகோன் ஒப்பனை

மரபணு பிசகிய கதை என்றதும் பல்லும் கொடுக்குமாக ஒரு பிண்டத்தைப் பிசைந்து வைப்பவர்கள்தான் அதிகம். அது ஏதோ வேற்றுக்கிரகத்து மிருகமாகத் தெரியும், அவ்வளவுதான். 1995-ல் சுவிட்சர்லாந்தில் வால்டர் கெஹ்ரிங் குழுவினர் பழ ஈயின் கண்ணை உருவாக்கும் மரபணுவை வேறு இடங்களில் இயங்கவிட்டார்கள். ஈக்களின் இறக்கையிலும் காலிலும் கண்கள் முளைத்தன. எலியின் அதே வகை மரபணுவை வைத்தபோதும் வந்தது ஈயின் கண்தான். திகில் அங்கேதான் இருக்கிறது: உறுப்பில் குறையில்லை, இடம்தான் தப்பு. ஆகவே நடிகரின் கையில் கண் முளைத்தால், அது அவருடைய கண்ணின் நிறத்திலேயே இருக்கட்டும்.

உள்முன்கையில், மணிக்கட்டுக்கு நான்கு விரல் மேலே வைப்பது நல்லது. அங்கே ரோமம் குறைவு. விரலை மடக்கினால் தசைநாண்கள் அசைந்து கண்ணுக்கும் உயிர் வந்துவிடும். முதலில் கையின் அச்சு. ரோமத்தில் வாஸ்லின் தடவி, ஆல்ஜினேட்டை (பல் மருத்துவர்கள் அச்செடுக்கும் தூள்) குளிர்ந்த நீரில் கலந்து பூசுங்கள். வெந்நீரில் கலந்தால் பூசி முடிப்பதற்குள் இறுகிவிடும். மேலே பிளாஸ்டர் பேண்டேஜ் நான்கு அடுக்கு. கையை நேராகப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் முக்கும் வேலையே வேண்டாம்: இறுகும்போது அது சூடாகித் தோலைச் சுட்டுவிடும். ஆல்ஜினேட் நீர் வற்றினால் சுருங்கும், அதனால் அன்றைக்கே பிளாஸ்டர் ஊற்றிக் கையின் பிரதியை எடுத்துவிடுங்கள்.

மனிதக் கண்ணின் விட்டம் சுமார் 24 மி.மீ., கருவிழி 12 மி.மீ. முழு உருண்டையை வைத்தால் கை வீங்கிய பந்தாகிவிடும். அக்ரிலிக் கண்ணின் முன்பக்கத்தில் 8 மி.மீ. உயரத் துண்டு போதும். அதைப் பிரதியின் மேல் ஒட்டி, சுற்றிலும் ஐந்தாறு செ.மீ. வரை எண்ணெய்க் களிமண்ணால் மேடு கட்டி, விளிம்பைக் காகிதம் போல மெலிய விடுங்கள். களிமண் கந்தகம் இல்லாததாக இருக்க வேண்டும். பிளாட்டினம் சிலிகோன் (பிளாட்டினம் வினையூக்கியால் இறுகும் வகை) கந்தகம் பட்டால் இறுகாது, பிசுபிசுவென்றே கிடக்கும். லேட்டக்ஸ் கையுறையும் அதே வேலையைச் செய்யும். நைட்ரைல் கையுறை போடுங்கள். சந்தேகமிருந்தால் ஒரு ஸ்பூன் சிலிகோனை முன்கூட்டியே வார்த்துப் பாருங்கள்.

இமையை மூடியபடி செதுக்குவதுதான் இந்த வேலையின் சூட்சுமம். திறந்த இமையை இழுத்து மூடினால் சுருங்கிக் காட்டிக்கொடுக்கும். மூடியதை இழுத்துத் திறந்தால், விட்டதும் தானே மூடிக்கொள்ளும். தவிர, பார்வையாளரை உலுக்குவது கண் திறக்கும் அந்த நொடிதான்.

விளிம்பிலிருந்து 5 மி.மீ. தள்ளிச் சுற்றிலும் களிமண் பரப்பி, பிளாஸ்டரால் மேல் அச்சை ஊற்றுங்கள். பின்னர் அந்தக் களிமண்ணை எடுத்த இடம் பள்ளமாகும்; மிஞ்சும் சிலிகோன் அதில் வழிந்து, விளிம்பு மெலிதாக வரும். களிமண்ணை எடுத்துவிட்டுப் பிளாஸ்டருக்கு வார்னிஷ் பூசி அடைத்து, மெழுகு தடவுங்கள். கலவை: சிலிகோனின் இரு பாகங்களான ஏ 50 கிராம், பி 50 கிராம், மென்மையாக்கி 50 கிராம். இமைப் பகுதிக்கு மட்டும் மென்மையாக்கி சேர்க்காமல் முதலில் தீட்டுங்கள்; சேர்த்தால் இமை தொய்ந்து திரும்பாது. நிறமி ஒரு சதவீதத்துக்குள் நிற்கட்டும். தோல் ஒளியை உள்ளே விடும், நிறமி கூடினால் பிளாஸ்டிக் பொம்மைதான். ஊற்றும்போது நூல் போல மெல்லிய தாரையாக விட்டால் குமிழி உடையும்.

இறுகியபின் இமைக்கோட்டைக் கூர்மையான பிளேடால் கீறுங்கள். மேலிமையின் உட்புறத்தில் நைலான் வலைத்துணித் துண்டை ஒட்டி, 0.3 மி.மீ. தூண்டில் நரம்பை அதில் கட்டுங்கள். சிலிகோனில் நேரே கட்டினால் மூன்றாவது டேக்கில் கிழியும். நரம்பை மெல்லிய குழாய் வழியே முழங்கைப் பக்கம் கொண்டுபோய்ச் சட்டைக் கைக்குள் மறைக்கலாம். நிறம் தீட்ட சிலிகோனையே கரைத்துப் பூசுங்கள். அக்ரிலிக் பெயின்ட் உரிந்து வரும்.

ஒட்டும் பசையை முதல் நாளே நடிகரின் தோலில் சிறிதாகத் தடவி 24 மணி நேரம் பாருங்கள். படப்பிடிப்பில் விளக்கை நேர் எதிரே வையுங்கள், பக்கவாட்டு வெளிச்சம் விளிம்பைக் காட்டிவிடும். கண்மீது நீர் சார்ந்த ஜெல்லை ஒவ்வொரு டேக்குக்கும் புதிதாகத் தடவுங்கள். காய்ந்த கண் செத்த கண். தூண்டில் நரம்பை மெதுவாக இழுத்து, நொடிக்கு 48 ஃப்ரேமில் எடுங்கள்.

கழற்றும்போது பசை நீக்கியை விளிம்பில் ஊறவிட்டே எடுக்க வேண்டும். எப்படி எடுத்தாலும் விளிம்பு கிழியும், மறுநாளுக்கு அந்தத் துண்டு உதவாது. எத்தனை நாள் படப்பிடிப்போ அத்தனை துண்டுகளோடு, கூட ஒன்றும் வார்த்து வையுங்கள்.