பழைய டீப்பாயில் படம் ஒட்டி வார்னிஷ் அடிப்பது எப்படி? மலைவாசிகளுக்கான செய்முறை

குன்னூர், கோத்தகிரி பக்கம் பல வீடுகளில் பழைய டீப்பாய் ஒன்று மூலையில் கிடக்கும். கால்கள் உறுதியாக இருக்கும். மேல்பலகை மட்டும் டம்ளர் வட்டமும் கீறலுமாகப் பாழாகியிருக்கும். அதை விறகுக்குப் போட வேண்டாம். காகிதப் படங்களை வெட்டி ஒட்டி, மேலே நிறமில்லாத வார்னிஷ் பூசும் டெகோபாஜ் வேலை புதிதாகச் செய்பவர்களுக்கும் எளிதில் கைவரும். ஆனால் டப்பாவில் போட்டிருக்கும் காயும் நேரத்தை மலையில் நம்பக் கூடாது. சமவெளியில் ஒரு மணி நேரத்தில் காய்கிற பூச்சு, மூடுபனி இறங்கிய நாளில் இங்கே மாலைவரை பிசுபிசுக்கும்.

அதனால் மழை ஓய்ந்த ஜனவரி முதல் மார்ச் வரை இந்த வேலையை வைத்துக்கொள்ளுங்கள். பத்து டிகிரிக்குக் கீழே பசையும் தண்ணீரில் கரையும் வார்னிஷும் சரியாகப் படியாது. ஊட்டியில் உறைபனி விழும் நாட்களில், வெயில் ஏறிய பிறகு தொடங்கி மூன்று மணிக்குள் பூசி முடித்துவிடுவது நல்லது.

ஒரு விஷயம்: மேசை ஈட்டி மரமோ (ரோஸ்வுட்) தேக்கோ என்றால் படம் ஒட்டாதீர்கள். அந்த மரத்தின் ரேகைக்கு நல்ல பாலிஷ் போதும். சில்வர் ஓக், பிளைவுட் மேசைகள்தான் இதற்குத் தோதானவை.

முதலில் சோப்புத் தண்ணீரால் துடைத்து நன்றாக உலர விடுங்கள். குண்டூசித் துளைகளிலிருந்து புதுசாக மாவு கொட்டினால் உள்ளே பூச்சி இருக்கிறது, முதலில் அதற்கு மருந்து அடிக்க வேண்டும். பிறகு 120 நம்பர் உப்புத்தாள், அடுத்து 220, இரண்டையும் மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தேயுங்கள். மிகப் பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். அப்படியானால் முகக்கவசம் போட்டு, நீர்த்தாள் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) வாங்கி ஈரமாகவே தேயுங்கள். மரம் கறுப்பாக இருந்தால் வெள்ளை பிரைமர் ஒரு கை அடிக்க வேண்டும். பசை பட்டதும் மெல்லிய காகிதம் ஊடுருவித் தெரியும், அடியிலுள்ள கறுப்பு படத்தை மங்கடித்துவிடும்.

இனி படம். குறிஞ்சிப் பூ, மேட்டுப்பாளையம்–ஊட்டி மலை ரயில், பழைய காலண்டர் என்று எது பிடிக்கிறதோ அது. இங்க்ஜெட் பிரிண்ட் ஈரத்தில் கரையும், லேசர் பிரிண்ட் எடுங்கள். சந்தேகமிருந்தால் ஓரத்தில் ஈரவிரலால் தேய்த்துப் பாருங்கள். காலண்டர் தாள் தடிமனானது. அதன் விளிம்பு மறைய வார்னிஷ் இரண்டு கை கூடுதலாக வேண்டும். வெட்டியவற்றைப் பசையில்லாமல் அடுக்கி, மனசுக்குப் பிடித்ததும் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று பங்கு ஃபெவிகாலுக்கு ஒரு பங்கு தண்ணீர். பலகையிலும் காகிதத்தின் பின்புறமும் மெல்லிசாகத் தடவி, நடுவிலிருந்து ஓரத்துக்குப் பழைய ஏடிஎம் கார்டால் நீவுங்கள். கொப்புளம் வந்தால் ஊசியால் குத்தி அழுத்துங்கள். மறுநாள் அதே பசையைப் படங்களின் மேலும் ஒரு கை பூச வேண்டும்.

காய்ந்ததா என்று கடிகாரம் சொல்லாது. பசையின் வெள்ளை முழுக்க மறைந்திருக்க வேண்டும். அப்புறம் புறங்கையால் மேல்பலகையையும் மேசையின் காலையும் தொட்டுப் பாருங்கள். மேசைக் காலைவிடப் பலகை சில்லென்றிருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. இன்னொரு நாள் விடுங்கள். ஈரத்தின் மேல் வார்னிஷ் அடித்தால் அந்த ஈரம் உள்ளேயே சிக்கி, பூச்சு பால்போல் வெளுத்துவிடும். சீக்கிரம் காயட்டும் என்று கணப்பு பக்கத்திலோ ஹீட்டர் முன்னாலோ வைக்காதீர்கள். மேல்தோல் மட்டும் இறுகும், மரமும் வெடிக்கும்.

வார்னிஷில் என் தேர்வு தண்ணீரில் கரையும் நிறமில்லாத பி.யூ. (பாலியூரித்தேன்) வார்னிஷ். எண்ணெய் வார்னிஷ் நாளடைவில் மஞ்சளாகும். தச்சர்கள் அடிக்கும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் ஈரக்காற்றில் வெளுத்துப்போகும்: அதன் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிகிறது. டப்பாவைக் குலுக்காமல் கிளறுங்கள், குலுக்கினால் குமிழி வரும். மெல்லிசாக ஐந்தாறு கை பூசுங்கள். மூன்றாவது கைக்குப் பிறகே 320 தாளால் லேசாகத் தேய்க்கலாம், அதற்கு முன் தேய்த்தால் படம் கிழியும். மஞ்சு இறங்கினால் ஜன்னலை மூடிவிடுங்கள்.

தொட்டால் ஒட்டவில்லை என்றாலும் வார்னிஷ் முழுதாக இறுகியிருக்காது. மூன்று வாரம் வரை சூடான டம்ளரோ மேசை விரிப்போ போடாதீர்கள். செய்தித்தாள் வைத்தால் அதன் மையும் ஒட்டிக்கொள்ளும். பிறகு ஈரத்துணியால் தாராளமாகத் துடைக்கலாம். சூடான பாத்திரத்துக்கு மட்டும் எப்போதும் அடியில் ஒரு தட்டு வையுங்கள்.