சீனத்து மா, பா, ன, ல: தமிழர்கள் தடுக்கி விழும் இடங்கள்

சீன வாக்கியத்தின் வாலில் ஒட்டிக்கொண்டு வரும் இந்தக் குட்டி அசைகளுக்குப் பலகையில் அர்த்தம் எழுதிப் போட்டால் மாணவர்கள் மனப்பாடம் செய்துவிடுவார்கள், வாயைத் திறந்தால் மட்டும் தப்பாக வரும். நம்மிடம் ஏற்கெனவே 'ஆ'வும் 'தானே'யும் இருக்கின்றன, அங்கிருந்தே தொடங்குங்கள்.

முதலில் மா. 'நீ லாய் மா?' என்றால் 'நீ வருவாயா?' (ஆமாம், சீனத்திலும் நீ என்றால் நீதான். தற்செயல்தான், ஆனால் முதல் நாள் வகுப்பில் நல்ல சிரிப்பு.) தமிழில் நீயா வருகிறாய், நாளைக்கா வருகிறாய் என்று 'ஆ'வை எங்கே வேண்டுமானாலும் ஒட்டலாம், அந்தப் பழக்கத்தில் 'நீ மா லாய்' என்று சொல்லிவிடுவார்கள். மா கடைசியில்தான் உட்காரும். 'நீயா' என்று அழுத்த, 'ஷி'யை முன்னால் போடுங்கள்: 'ஷி நீ லாய் மா?'

அடுத்த தப்பு 'தா ஷி ஷேய் மா?' ஷேய் என்றால் யார். 'அவர் யாரா?' என்று நாம் கேட்போமா என்று திருப்பிக் கேளுங்கள், போதும். 'நீ லாய் பு லாய்?' (வருவாயா மாட்டாயா) என்பதற்குப் பின்னாலும் மா கூடாது, கேள்வி அதிலேயே முடிந்துவிட்டது.

பாதான் ஆபத்தானது. 'நீ ஷி லாவ்ஷி பா?' என்றால் 'நீ ஆசிரியர்தானே?', அது சுலபம். ஆனால் பா சேர்த்தால் மரியாதை என்று நினைத்து, சாப்பிடக் கூப்பிட்டவரிடம் 'ஹாவ் பா' என்பார்கள். அவர் காதில் அது 'சரி, என்ன பண்றது, வரேன்' என்று விழும். 'ஹாவ் ஆ' என்றால் 'ஓ, வரேனே!' (ஹாவுக்குப் பின்னால் அந்த ஆ, 'வா' என்று ஒலிக்கும்.) இருவர் இருவராக உட்காரவைத்து, ஒருவர் டீ குடிக்கக் கூப்பிட, மற்றவர் இரண்டு விதமாகவும் பதில் சொல்லட்டும், முகபாவத்தோடு.

ன பெரிய தொல்லை இல்லை. 'நான் நலம், நீ?' என்னும்போது 'நீ மா' அல்ல, 'நீ ன?', அவ்வளவுதான்.

கடைசியாக ல. இறந்தகாலம் என்று மட்டும் சொல்லிக்கொடுத்துவிடாதீர்கள், அப்புறம் 'நேற்று குளிராக இருந்தது' என்பதற்கும் ல போட ஆரம்பிப்பார்கள், அங்கே அது வராது. வாக்கியக் கடைசி ல, நிலைமை மாறிவிட்டது என்று சொல்வது. 'வோ பு லாய்' என்றால் நான் வரமாட்டேன். 'வோ பு லாய் ல' என்றால் வருவதாக இருந்தேன், இப்போது இல்லை. மழை பிடிக்கும் நாளில் ஜன்னலைக் காட்டி 'சியா யூ ல!' என்று சொல்லிப் பாருங்கள்: மழை வந்துடுச்சு!