சாதனை ஓட்டத்தைப் புள்ளியாகப் பின்தொடர: ஒரு பழைய செக்‌ஷன் கன்ட்ரோலரின் முறை

ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளும் மலைப்பாதையை இதுவரை யாரும் கடக்காத வேகத்தில் கடக்கிறேன் என்று ஒருவர் கிளம்புகிறார். தோள்பையில் சின்னதாக ஒரு ஜி.பி.எஸ். டிராக்கர், இணைய வரைபடத்தில் ஒரு புள்ளி. நாற்பது, ஐம்பது நாள் அந்தப் புள்ளி நகரும். எங்கெங்கோ உட்கார்ந்து அதைப் பார்க்கிற கூட்டத்தில் நானும் ஒரு ஆள்.

புதிதாக வருகிறவர்கள் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிறார்கள். அதில் ஒன்றும் தெரியாது. இரண்டாம் நாள் சலித்துவிடும், இல்லாவிட்டால் தூக்கம் கெடும். நான் ரயில்வே கன்ட்ரோல் ஆபீஸில் செக்‌ஷன் கன்ட்ரோலராக இருந்த ஆள். அங்கே ஒரு வண்டியைக்கூடக் கண்ணால் பார்க்க மாட்டோம். மேசை மேல் பெரிய சார்ட் இருக்கும். ஓரத்தில் ஸ்டேஷன் பெயர்கள், குறுக்கே மணிநேரம். ஸ்டேஷன் மாஸ்டர்கள் நேரம் சொல்லச் சொல்ல ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கோடு நீளும். வண்டி ஓடினால் கோடு சாயும், நின்றால் படுத்துவிடும். புள்ளியைப் பின்தொடரவும் அதே சார்ட்டைத்தான் போடுகிறேன். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை பக்கத்தைத் திறந்தால் போதும்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவை

எந்தப் பாதை, எந்தத் திசை, யாருடைய சாதனையை முறியடிக்கப் போகிறார், எந்தப் பிரிவில். இவை தெரியாமல் சார்ட் போட முடியாது.

உதாரணத்துக்கு அமெரிக்காவின் அப்பலாச்சியன் டிரெயிலை எடுத்துக்கொள்வோம். ஜார்ஜியாவில் ஸ்பிரிங்கர் மலைக்கும் மெய்ன் மாநிலத்தில் கட்டாடின் மலைக்கும் இடையே, 14 மாநிலங்கள் வழியாக, 3,500 கிலோமீட்டருக்குச் சற்று மேல். 2018-இல் கரேல் சபே என்ற பெல்ஜியக்காரர் தெற்கிலிருந்து வடக்கே 41 நாள் 7 மணி 39 நிமிடத்தில் ஓடி முடித்தார். 2024-இல் டாரா டவர் வடக்கிலிருந்து தெற்கே 40 நாள் 18 மணி 6 நிமிடத்தில் முடித்து அதை முறியடித்தார். பெண்கள் சாதனை, ஆண்கள் சாதனை என்ற பிரிவையெல்லாம் தாண்டி, அந்தப் பாதையில் அதுவரை யார் எடுத்ததையும் விடக் குறைந்த நேரம் அது.

பிரிவுகள் மூன்று. முழு உதவியோடு ஓடுகிறவருக்குப் பின்னால் ஒரு குழு வண்டியில் வரும். சாப்பாடு, ஷூ, படுக்கை எல்லாம் சாலை சந்திக்கிற இடத்தில் காத்திருக்கும். தன்னுதவிப் பிரிவில் குழு கிடையாது. வழியில் கடையில் வாங்கலாம், முன்கூட்டியே தபாலில் பொட்டலம் அனுப்பி வைத்துக்கொள்ளலாம். மூன்றாவது பிரிவில் தண்ணீர் தவிர எல்லாவற்றையும் முதல் அடியிலிருந்தே சுமக்க வேண்டும். புள்ளி ஏன் நிற்கிறது என்று புரிந்துகொள்ளப் பிரிவு தெரிந்திருக்க வேண்டும். சாலையோரம் இருபது நிமிடம் நின்றால் முதல் பிரிவுக்காரர் சாப்பிடுகிறார். மூன்றாம் பிரிவுக்காரர் அப்படி நின்றால் வேறு ஏதோ விஷயம்.

புள்ளி எப்படி வருகிறது

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் யாரையும் பின்தொடர்வதில்லை. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அவை நேரத்தை ஒலிபரப்புகின்றன, அவ்வளவுதான். அந்தச் சமிக்ஞைகளை வாங்கித் தான் இருக்கும் இடத்தைக் கணக்கிடுவது கருவியின் வேலை. கணக்கிட்ட இடத்தை வெளியே அனுப்ப வேறொரு செயற்கைக்கோள் கூட்டம் வேண்டும். கார்மின் இன்ரீச் என்ற வகை டிராக்கர்கள் சுமார் 780 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் இரிடியம் செயற்கைக்கோள்கள் வழியாக அனுப்புகின்றன. அடர்ந்த மரக்கூட்டமோ குறுகிய பள்ளத்தாக்கோ வானத்தை மறைத்தால், இடம் தெரிந்தாலும் செய்தி போகாது.

ஆகவே புள்ளி ஒரு மணிநேரம் அசையாமல் இருப்பதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. புள்ளியைச் சொடுக்கினால் அது எப்போது பதிவானது என்று வரும். புதுப்புது நேரத்தோடு ஒரே இடத்தில் புள்ளிகள் குவிந்தால் ஆள் நிற்கிறார். கடைசி நேரமே பழையதாக இருந்தால் கருவி பேசவில்லை, ஆள் ஓடிக்கொண்டிருக்கலாம். இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தால் பாதிப் பதற்றம் போய்விடும். சார்ட்டில் முதல் வகைக்குப் படுத்த கோடு போடுகிறேன். இரண்டாவதற்கு இடைவெளி விட்டுவிட்டு, அடுத்த புள்ளி வந்ததும் புள்ளிக்கோட்டால் இணைக்கிறேன்.

புள்ளி பாதையை விட்டு விலகினால்? ஒரே ஒரு புள்ளி பக்கத்து மலைச்சரிவில் விழுந்தால் அது பாறையில் பட்டுத் திரும்பிய சமிக்ஞையின் பிசகு. கண்டுகொள்ளாதீர்கள். தொடர்ச்சியாக மூன்று புள்ளிகள் ஒரே திசையில் பாதையை விட்டு விலகிப் போனால் வழி தவறியிருக்கிறார் என்று நான் எடுத்துக்கொள்வேன். தார்ச்சாலை வழியாகக் கார் வேகத்தில் போனால் டிராக்கர் சார்ஜுக்காகக் குழுவின் வண்டியில் இருக்கலாம். ஆள் முயற்சியையே கைவிட்டுவிட்டார் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம்.

இன்னொன்று: கருவி பத்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி அனுப்பினால், புள்ளிகளை இணைக்கும் கோடு வளைவுகளை எல்லாம் வெட்டிக்கொண்டு போகும். அதை அளந்தால் தூரம் குறைவாகத்தான் வரும். வரைபட அளவுகோலை மறந்துவிட்டு, பாதையின் கையேட்டில் உள்ள தூரத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

சார்ட் போடுவது

கட்டம் போட்ட தாள் ஒன்று. இடது ஓரத்தில் பாதையின் அடையாள இடங்கள், அவற்றின் தூர விகிதப்படி. அப்பலாச்சியன் டிரெயில் என்றால் ஸ்பிரிங்கர் பூஜ்யம், டமாஸ்கஸ் (வர்ஜீனியாவில் உள்ள ஊர்) சுமார் 750 கிலோமீட்டர், ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி 1,650, டெலவேர் வாட்டர் கேப் 2,100, ஹானோவர் 2,800, கடைசியில் கட்டாடின். இடையில் சாலைச் சந்திப்புகளைச் சிறு கோடாகக் குறித்துக்கொள்ளுங்கள். குறுக்கே நாட்கள், ஒவ்வொரு நாளும் ஆறு மணிநேரக் கட்டங்களாக.

நேரத்தை ஓடுகிறவரின் ஊர்க் கணக்கில் எழுதுங்கள். அப்பலாச்சியன் பகுதியில் கோடையில் யு.டி.சி. என்ற உலகப் பொது நேரத்திலிருந்து கழித்தல் 4 மணி, மேற்கே பசிபிக் கிரெஸ்ட் டிரெயிலில் கழித்தல் 7. டிராக்கர் பக்கம் சில சமயம் உங்கள் கணினியின் நேரத்தைக் காட்டும், பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். அவருக்கு எப்போது இருட்டுகிறது என்பதுதான் நமக்கு வேண்டும்.

அப்புறம் சாதனைக் கோடு. தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஸ்கேல் வைத்து ஒரே சாய்வாக இழுத்துவிடத் தோன்றும். 40 நாள் 18 மணி என்றால் நாளுக்குச் சுமார் 87 கிலோமீட்டர். கணக்கு சரிதான், ஆனால் அந்தக் கோடு ஏமாற்றும். ஹானோவருக்கு வடக்கே உள்ள 700 கிலோமீட்டர்தான் பாதையிலேயே கடினம். நியூ ஹாம்ப்ஷயரின் வெள்ளை மலைகளும், மெய்ன் எல்லை தாண்டியதும் பாறைகளுக்குள் புகுந்து தவழ வேண்டிய மஹூசக் நாட்ச்சும் அங்கேதான். வடக்கே இருந்து தொடங்குகிறவர் முதல் சில நாட்களிலேயே சராசரிக் கோட்டுக்குப் பின்னால் விழுவார், விழத்தான் வேண்டும். தெற்கே இருந்து வருகிறவர் ஹானோவரில் கோட்டுக்கு முன்னால் இல்லை என்றால் அவருக்குத்தான் சிக்கல்.

பழைய சாதனை எதிர்த்திசையில் செய்யப்பட்டிருந்தால் 'பத்தாம் நாள் இவர் எங்கே, அவர் எங்கே' என்று ஒப்பிடுவதே வீண். துண்டு துண்டாக ஒப்பிடுங்கள்: ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரிக்கும் டெலவேர் வாட்டர் கேப்புக்கும் இடையே பழையவர் எத்தனை மணி எடுத்தார், இவர் எத்தனை மணி. முந்தைய முயற்சியின் நாள்வாரிப் பதிவு வெளியாகியிருந்தால் அதிலிருந்து துண்டு நேரங்களை எடுத்து ஒரு பட்டியலாகத் தாளின் ஓரத்தில் ஒட்டிவிடுவேன். ஒவ்வொரு துண்டு முடியும்போதும் பக்கத்தில் கூட்டல் அல்லது கழித்தல். அந்த ஓரப் பட்டியலின் மொத்தத்தைத்தான் நான் தினமும் பார்ப்பது.

படுத்த கோடுகளைப் பாருங்கள்

நாளுக்கு 87 கிலோமீட்டர் என்பதை 24 மணியால் வகுத்தால் மணிக்கு 3.6 கிலோமீட்டர். யாரும் நடக்கக்கூடிய வேகம். தூக்கமும் மற்ற நிறுத்தங்களும் சேர்ந்து நாளுக்கு 7 மணி என்று வைத்தால்கூட, மிச்ச நேரத்தில் மணிக்கு 5 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம் போதும். மலையில், நாள்தோறும், நாற்பது நாள் என்பதுதான் அதில் உள்ள கொடுமை. ஆக, சாதனை எங்கே கூடுகிறது, எங்கே கழிகிறது? நிற்கிற இடங்களில். கன்ட்ரோல் ஆபீஸிலும் இதே கதைதான். வண்டி ஓட்டத்தில் இழப்பது கொஞ்சம், ஸ்டேஷனில் இழப்பது நிறைய.

கணக்குப் பாருங்கள். டாரா டவருக்கும் கரேல் சபேக்கும் உள்ள வித்தியாசம் 13 மணி 33 நிமிடம். 41 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 20 நிமிடம். இதே பாதையில் 2015-இல் ஸ்காட் ஜுரெக், ஜெனிஃபர் ஃபார் டேவிஸின் 2011 சாதனையை முறியடித்தபோது வித்தியாசம் வெறும் 3 மணி 13 நிமிடம், அதாவது நாளுக்கு நாலு நிமிடம். ஷூ லேஸ் சிக்கலை அவிழ்க்கிற நேரம்! புள்ளியின் மேல் காட்டும் 'மணிக்கு 6.2 கி.மீ.' என்ற எண்ணைவிட, நேற்று எத்தனை முறை எவ்வளவு நேரம் நின்றார் என்பது பத்து மடங்கு சொல்லும்.

இரவுத் தூக்கத்தின் நீளத்தைத் தனி வரிசையில் எழுதுங்கள். தூக்கம் குறைந்துகொண்டே வந்து, பகல் கோட்டின் சாய்வு அப்படியே இருந்தால் ஆள் திட்டப்படி செலவழிக்கிறார். தூக்கமும் குறைந்து சாய்வும் மழுங்கினால் இன்னும் இரண்டு நாளில் ஒரு நீண்ட படுத்த கோடு வரும் என்று நான் பென்சிலால் குறித்து வைப்பேன். பெரும்பாலும் வரும்.

சில நிறுத்தங்கள் பாதையாலேயே வருபவை. மெய்னில் கென்னபெக் ஆறு. மேலே உள்ள அணையிலிருந்து தண்ணீர் திறப்பதால் இறங்கிக் கடப்பது ஆபத்து; பாதையின் அதிகாரபூர்வ வழியே படகுதான். அந்தப் படகுச் சேவை பருவகாலத்தில், பகலில் சில மணிநேரம் மட்டும். புள்ளி கரையில் உட்கார்ந்திருந்தால் களைப்பு என்று நினைக்காதீர்கள், மணியைப் பாருங்கள். அதுபோல வர்ஜீனியாவின் ஷெனண்டோவா பூங்காவில் சாலை பாதையைத் திரும்பத் திரும்பக் குறுக்கிடும். குட்டி நிறுத்தங்கள் நிறைய வரும், பதற வேண்டாம். இதற்கு நேர் எதிர் பசிபிக் கிரெஸ்ட் டிரெயிலில் கலிபோர்னியாவின் சியரா மலைப்பகுதி. 300 கிலோமீட்டருக்கும் மேல் தார்ச்சாலை எதுவும் குறுக்கிடாது, குழு உள்ளே நடந்து வந்தால்தான் உண்டு. அங்கே சாலைச் சந்திப்புகளை நம்பிப் போட்ட சார்ட் உதவாது, கணவாய்களைக் குறியுங்கள்.

கை வைக்காமல் பார்ப்பது

பாதைக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு நேரில் போய்ப் பார்க்க ஆசை வரும். உதவியோடு ஓடுகிறவர் பகிரங்கமாக அழைத்திருந்தால் போகலாம். மற்ற இரு பிரிவிலும் குளிர்பானம் நீட்டுவதுகூட அவருடைய முயற்சியைக் கெடுக்கும். புள்ளியைப் பார்த்து வந்து கொடுத்த உதவி, பாதையில் போகிற எல்லாருக்கும் கிடைத்த உதவி ஆகாது. கூட்டமும் பிரச்சினைதான். கட்டாடின் இருக்கும் பாக்ஸ்டர் பூங்காவில் ஒரு குழுவில் 12 பேருக்கு மேல் கூடாது. 2015-இல் ஜுரெக் உச்சியில் முடித்தபோது கூட்டம் அதிகம் என்றும் அவர் மேல் வழக்குப் பதிவானது.

அவர் இரவில் எங்கே படுத்திருக்கிறார் என்று பொதுவெளியில் எழுதாதீர்கள். தனியாக ஓடுகிறவர்கள், குறிப்பாகப் பெண்கள், சில சமயம் புள்ளியை வேண்டுமென்றே சில மணிநேரம் தாமதமாகக் காட்டுவார்கள். அதைக் கருவிக் கோளாறு என்று எண்ணி 'எங்கே ஆள், எங்கே ஆள்' என்று குழுவை நச்சரிக்க வேண்டாம்.

கடைசி இரண்டு நாள்

இதுவரை சொன்ன அளவுகோல் இங்கே மாறும். நாளை என்று ஒன்று இல்லாததால் சேமிக்க எதுவும் இல்லை. தூக்கம் ஒரு மணிநேரமாகவோ பூஜ்யமாகவோ ஆகலாம். சராசரியை விட்டுவிட்டு, மிச்சத் தூரத்தை மிச்ச நேரத்தால் வகுத்து, அந்த எண்ணை அவருடைய கடந்த 12 மணிநேர வேகத்தோடு ஒப்பிடுங்கள். 12 மணிக்குள் உள்ள நிறுத்தங்களையும் சேர்த்தே.

முடிந்தது எப்படித் தெரியும்? ஸ்பிரிங்கர் உச்சிக்கு வண்டி வராது. மிக அருகில் உள்ள சாலை பாதையிலேயே ஒன்றரை கிலோமீட்டர் வடக்கே. ஆக, தெற்கு நோக்கி வந்த புள்ளி உச்சியைத் தொட்டுவிட்டு வந்த வழியே திரும்பினால் ஆள் முடித்துவிட்டார். கட்டாடினில் எட்டுக் கிலோமீட்டர் இறங்க வேண்டும், புள்ளி மெதுவாகக் கீழே வரும். பத்து நிமிட இடைவெளியில் வரும் புள்ளியை வைத்து முடிவு நேரத்தைச் சொல்லாதீர்கள். அது அவர் கைக்கடிகாரத்தின் ஜி.பி.எஸ். கோப்பில் இருக்கிறது. அந்தக் கோப்பைச் சரிபார்த்து ஏற்ற பிறகுதான் சாதனைப் பட்டியலில் பெயர் ஏறும். சார்ட்டின் மேல்மூலையில் அந்த எண்ணை எழுத ஓர் இடம் விட்டு வையுங்கள். நாளோ வாரமோ ஆகலாம்.