சென்னை மாநகரக் காவல் ஆணையர் ஆவதற்கான வழி

சென்னை மாநகரக் காவல் ஆணையர் பதவிக்கென்று தனித் தேர்வு கிடையாது. வழக்கமாகக் கூடுதல் டி.ஜி.பி. நிலையிலுள்ள ஐ.பி.எஸ். அதிகாரி ஒருவரை மாநில அரசு அதில் அமர்த்துகிறது.

ஐ.பி.எஸ். பணிக்கு நேரடியாக ஆள் எடுக்கும் குடிமைப் பணித் தேர்வைப் பட்டதாரிகள் 21 வயது முதல் எழுதலாம். பொதுப் பிரிவினருக்கு உச்ச வயது 32, வாய்ப்புகள் ஆறு. ஐ.பி.எஸ். பணியை விரும்புவோர், ஆண்களுக்கு 165 செ.மீ., பெண்களுக்கு 150 செ.மீ. என்னும் உயர வரம்பை முன்னரே சரிபார்த்துக்கொள்ள வேண்டும் (பழங்குடியினருக்குத் தளர்வு உண்டு). தேர்ச்சி பெற்றாலும் தமிழ்நாட்டுப் பிரிவு (கேடர்), அதாவது இம்மாநிலத்தில் பணிபுரியும் ஒதுக்கீடு, கிடைப்பது தரவரிசையையும் காலியிடங்களையும் பொறுத்தது. குரூப் 1 தேர்வில் டி.எஸ்.பி.யாகச் சேர்ந்து பதவி உயர்வால் ஐ.பி.எஸ். ஆகலாம் என்றாலும், அதற்குள் பல ஆண்டுகள் கழிந்துவிடுவதால் அவ்வழியில் இந்த நாற்காலியை எட்டுவது அரிது.

முசோரியிலும் ஐதராபாத் தேசியக் காவல் அகாதமியிலும் பயிற்சி முடித்து உட்கோட்டத்தில் ஏ.எஸ்.பி.யாகத் தொடங்குபவர், டி.ஐ.ஜி. ஆகக் குறைந்தது 14 ஆண்டுகளும், ஐ.ஜி. ஆக 18 ஆண்டுகளும், கூடுதல் டி.ஜி.பி. ஆக 25 ஆண்டுகளும் பணியாற்றியிருக்க வேண்டும். ஓய்வு வயது 60 என்பதால் எஞ்சும் காலம் குறுகியது. அதற்குள் ஒரே பதவியை நோக்கிப் பலர் காத்திருப்பர். 1976-ஆம் ஆண்டு ஐ.பி.எஸ். அணியை (பேட்ச்) சேர்ந்த லத்திகா சரண், சென்னையின் முதல் பெண் ஆணையரானது 2006-இல்தான்.

இந்த நீண்ட காலத்தில் உடற்பயிற்சியைவிடக் கோப்பு வாசிக்கும் பழக்கத்தை வளர்த்துக்கொள்வதே பயன் தரும் என்பது என் கருத்து. குண்டர் சட்டத்தின்கீழ் மாவட்டங்களில் ஆட்சியர் பிறப்பிக்கும் தடுப்புக்காவல் ஆணையைச் சென்னையில் ஆணையரே பிறப்பிக்கிறார். அதனால் ஒருவரை ஓராண்டு வரை விசாரணையின்றிச் சிறையில் வைக்க முடியும். ஆனால், ஆவண நகல் தெளிவாக இல்லை, காவலில் உள்ளவரின் மனுவைப் பரிசீலிக்கத் தாமதமாயிற்று என்பன போன்ற காரணங்களுக்காகவே உயர் நீதிமன்றம் ஆள்கொணர்வு மனுக்களில் அத்தகைய ஆணைகளை அடிக்கடி ரத்து செய்கிறது. பேரணி, பொதுக்கூட்டங்களை 1888-ஆம் ஆண்டின் நகரக் காவல் சட்டத்தின் 41-ஆவது பிரிவின்கீழ் ஒழுங்குபடுத்துவதும் ஆணையரே. அனுமதி மறுத்தால் அதற்கான காரணத்தை நீதிமன்றம் கேட்கும். ஆகவே துணை ஆணையராக இருக்கும்போதே, கீழிருந்து வரும் முன்மொழிவுகளை வரிவரியாகப் படித்துக் குறைகளைத் திருத்தி அனுப்பப் பழக வேண்டும்.

சென்னைக்கு முன்பாகக் கோவை, மதுரை போன்ற மாநகரங்களில் ஐ.ஜி. நிலையில் ஆணையராகப் பணியாற்றுவது இவ்வதிகாரங்களைக் கையாளப் பழக்கும். 2022 ஜனவரி முதல் தாம்பரமும் ஆவடியும் தனி ஆணையரகங்களாக இயங்குவதால், தலைநகரை ஒட்டியே அத்தகைய அனுபவம் பெறும் வாய்ப்பும் இப்போது உண்டு.