வாசகசாலைக்குப் புத்தகம் வாங்கும்போது செய்யக் கூடாதவை

நந்தனம் புத்தகக் காட்சியில் இரண்டு இளைஞர்களைப் பார்த்தேன். ஊரில் புதிதாக வாசகசாலை தொடங்குகிறார்களாம். கட்டுரை நூல்கள், அறிவியல், வரலாறு என்று ஒரே கடையில் இரண்டு பெட்டி நிறைய அள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒரு புத்தகத்தைக்கூடப் பிரித்துப் பார்க்கவில்லை. எங்கள் வாசகசாலைக்காக நானும் ஒரு காலத்தில் அப்படி அள்ளியவன்தான். பில் வாங்குங்கள், கழிவு கேளுங்கள் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் சொல்ல நினைத்தவை வேறு.

அச்சான ஆண்டை நம்புவது

இன்னும் எரிச்சல் தீராத தவறு இது. ஓர் அன்பர் தம் தாயார் நினைவாகக் கொடுத்த பணத்தில், பிள்ளைகளுக்கென்று ஒரு பொது அறிவுத் தொகுப்பைப் பன்னிரண்டு படிகள் வாங்கினேன். கெட்டி அட்டை, வண்ணப் படங்கள், உள்ளே 'முதல் பதிப்பு 2021'. ஒரே வாரத்தில் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்து, "சார், புளூட்டோ கோள் இல்லை என்று டீச்சர் சொன்னார்களே?" என்றாள். சர்வதேச வானியல் ஒன்றியம் 2006-லேயே அதைக் குறுங்கோள் ஆக்கிவிட்டது.

அன்றுதான் அந்தப் புத்தகத்தை முழுதாகப் படித்தேன். இந்தியாவில் 28 மாநிலங்கள் என்றிருந்தது. இதாவது சரி என்று பட்டியலுக்குப் போனால், ஜம்மு காஷ்மீர் இருக்கிறது, தெலங்கானாவைக் காணோம்! 2014-இல் தெலங்கானா பிறந்து 29 ஆனதும், 2019-இல் ஜம்மு காஷ்மீர் இரண்டு யூனியன் பிரதேசங்களாகப் பிரிந்து மறுபடி 28 ஆனதும் அந்தப் புத்தகத்துக்குத் தெரியாது. தமிழ்நாட்டுக்கு 30 மாவட்டங்களாம். கிருஷ்ணகிரி பிரிந்த 2004-க்குப் பிறகு, புளூட்டோ பதவி இழப்பதற்கு முன்பு எழுதிய சரக்கு. அட்டை மட்டும் புதிது. விற்றவர் திரும்ப எடுக்க மறுத்துவிட்டார். பன்னிரண்டும் பழைய பேப்பர் கடைக்குப் போயின. பணம் கொடுத்தவர் ஒருநாள் வந்து, தாயார் பெயர் ஒட்டிய புத்தகங்களை அலமாரியில் தேடினார். நான் வாசலுக்குப் போய் நின்றுகொண்டேன்.

இப்போது கடையில் நின்றே சில பக்கங்களைப் பார்த்துவிடுகிறேன். மாவட்டப் பட்டியலில் 2020-இல் வந்த மயிலாடுதுறை இருக்கிறதா? 118-ஆம் தனிமத்துக்கு 2016-இல் சூட்டிய பெயர் இருக்கிறதா? தமிழர் வரலாறு என்றால் கீழடி எங்கே? எழுதிய ஆண்டை ஒளிக்காமல் போட்ட பழைய நூல் என்றால் தயங்காமல் வாங்குவேன். அது வேறு மரியாதை.

வயதுவாரியாக அலமாரி பிரிப்பது

பாம்புகள் பற்றிய படப் புத்தகம் ஒன்றைச் சிறுவர் பகுதியில் வைத்தேன். அதிகம் எடுத்துப் போனவர்கள் வயலுக்குப் போகும் பெரியவர்கள். நஞ்சுள்ள கட்டுவிரியனுக்கும் அதைப் போலவே தோன்றும் நஞ்சில்லாத ஓலைப்பாம்புக்கும் பட்டைகளில் என்ன வேறுபாடு என்று அவர்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது. ஒன்பதாவது படிக்கும் பையனோ பெரியவர் பகுதியில் மாட்டு நோய்கள் பற்றிய நூலைத் தேடிக்கொண்டிருந்தான்.

முதியவர்களுக்கு ஆன்மிகம் மட்டும்

ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர் கேட்டது தேனீ வளர்ப்பு.

சுயமுன்னேற்ற நூல்கள்

இரண்டு போதும்.

விவரம் தெரியாமல் சண்டைக்குப் போவது

உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' வாங்கினேன். கதை பாதியில் நின்றது. கடைசிப் பக்கங்கள் இல்லை என்று கடைக்காரரிடம் குரல் உயர்த்தினேன். "ஐயா, தொடராக எழுதிக்கொண்டிருந்தவர் 1942-இல் காலமாகிவிட்டார். அவர் எழுதியதே அவ்வளவுதான்" என்றார். சிரிக்காமல் ஒரு தேநீரும் வாங்கிக் கொடுத்தார்.