லக்ஷரி ஸ்கின்கேர் மினி செட்: முதல் தடவை ட்ரை பண்றவங்களுக்கு

ஃபாரஸ்ட் எசென்ஷியல்ஸ், காமா ஆயுர்வேதா மாதிரி கடைக்குள்ள நுழைஞ்சா அந்த வாசனைக்கே பாதி மனசு விழுந்துடும், விலையைப் பாத்ததும் விழுந்த மனசு எந்திரிச்சு வெளில வந்துடும். அப்பதான் பில் போடுற இடத்துகிட்ட குட்டிக்குட்டி பாட்டிலா அடுக்கி வச்ச ட்ராவல் செட் கண்ணுல படும். ஃபேஸ்வாஷ் ஒண்ணு, பன்னீர் ஒண்ணு, கிரீம் ஒண்ணு, குங்குமாதி தைலம் (குங்குமப்பூ சேத்த முக எண்ணெய்) ஒண்ணு. வாங்குங்க, தப்பே இல்ல. ஆனா அன்னைக்கு ராத்திரியே நாலையும் வரிசையா முகத்துல பூசிடாதீங்க. காலைல எந்திரிச்சு கன்னத்துல ரெண்டு கொப்புளம் இருந்தா எதால வந்துச்சுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க? இந்த செட்டோட பிரயோஜனமே நாலுல எது நம்ம தோலுக்கு ஒத்துக்குதுன்னு பாக்குறதுதான்.

முதல்ல ஒரு சின்ன கணக்கு. மினி எப்பவும் மலிவு இல்ல. உதாரணத்துக்கு 50 கிராம் டப்பா 2000 ரூபா, 10 கிராம் மினி 550 ரூபான்னு வச்சுக்கோங்க. பெருசுல கிராம் 40 ரூபா, சின்னதுல 55. கிராமுக்கு அந்த கூடுதல் 15 ரூபா, பிடிக்கலன்னா 2000 ரூபா தண்டமாகாம இருக்க நாம குடுக்குற இன்சூரன்ஸ் மாதிரி. முகத்துக்கு ஒத்துக்கும்னு ஏற்கனவே தெரிஞ்ச பொருளை மினியா திரும்பத் திரும்ப வாங்குறதுதான் நஷ்டம்.

அடுத்தது லேபிள். இங்க அவசரப்படாம உக்காருங்க. முன்பக்கத்துல இருக்குற நேச்சுரல், ப்யூர், லக்ஷூரியஸ் எல்லாம் விளம்பரம், இவ்வளவு சதவீதம் இருந்தாதான் நேச்சுரல்னு போடலாம்ங்கற கறாரான அளவுகோல் எதுவும் கிடையாது. அட்டைப்பெட்டியைத் திருப்பி பொடி எழுத்துல இருக்குற இன்கிரீடியன்ட்ஸ் லிஸ்ட்டைப் பாருங்க (மினி பாட்டில்ல இடம் இல்லாததால பெட்டியிலதான் இருக்கும், பெட்டியைக் குப்பையில போட்டுடாதீங்க). எது அதிகமோ அது முதல்ல வரும், ஒரு சதவீதத்துக்குக் கீழ இருக்குறதை மட்டும் எந்த வரிசைலயும் போட்டுக்கலாம். அதனால குங்குமப்பூ கிரீம்னு பெருசா எழுதிட்டு லிஸ்ட்டோட வாலுல குங்குமப்பூ இருந்தா அது எவ்வளவு இருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. பன்னீர்லயும் இதே கதைதான், ரோஸா டமாஸ்செனா ஃப்ளவர் வாட்டர்னு முதல்ல இருந்தா அது பூவைக் காய்ச்சி எடுத்தது, ஆக்வா, பர்ஃப்யூம்னு இருந்தா வாசனை சேத்த தண்ணி.

அப்புறம் லினலூல், லிமோனீன், ஜெரானியால், சிட்ரோனெல்லால் இந்த பேரெல்லாம் பாத்து கெமிக்கல்னு பயந்துடாதீங்க, இதெல்லாம் ரோஜா, லாவெண்டர், எலுமிச்சை எண்ணெய்லயே இயற்கையா இருக்குறதுதான். ஆனா சிலருக்கு அலர்ஜி கிளப்புறதும் இதே பசங்கதான், அதனாலதான் ஐரோப்பாவுல குறிப்பிட்ட அளவுக்கு மேல இருந்தா பேர் போட்டே ஆகணும்னு சட்டம். இயற்கைன்னா தோலுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நம்ம ஊர்ல ஒரு நம்பிக்கை இருக்கு, முந்திரித் தோட்டத்துல வேலை பாக்குறவங்ககிட்ட கேளுங்க, கொட்டைல வர்ற எண்ணெய் பட்டா கை என்ன ஆகும்னு சொல்லுவாங்க. ஃபீனாக்ஸிஎத்தனால், சோடியம் பென்சோவேட் மாதிரி ப்ரிசர்வேட்டிவ் இருக்குறதுக்கும் முகம் சுளிக்க வேணாம், தண்ணி சேர்ந்த கிரீம்ல அது இல்லன்னா பாக்டீரியாவும் பூஞ்சையும் வளந்துடும். தண்ணியே இல்லாத தைலத்துக்குதான் அது தேவைப்படாது.

குங்குமாதி பத்தி ஒரு விஷயம், பழைய ஆயுர்வேத முறைப்படி நல்லெண்ணெய்ல மூலிகைகளோட ஆட்டுப்பாலும் சேத்து காய்ச்சுவாங்க. வீகன்னு நினைச்சு வாங்குறவங்க பாத்து வாங்குங்க, எள் அலர்ஜி இருக்குறவங்க கிட்டயே போகாதீங்க. மூடியைத் திறந்ததும் குங்குமப்பூ மணத்துக்கு அடியில ஒரு கனமான எண்ணெய் வாசனை வரும், கெட்டுப்போச்சோன்னு பயப்பட வேணாம். சிக்கு வாடை அடிச்சாதான் பிரச்சனை.

இப்போ டெஸ்ட். முகத்துல இல்ல, கையில. அமெரிக்கன் அகாடமி ஆஃப் டெர்மட்டாலஜி (அங்க இருக்குற தோல் டாக்டர்களோட சங்கம்) சொல்ற முறை இது: முழங்கை மடிப்புல, இல்லன்னா முன்கையோட உள்பக்கம், ஒரு நாணயம் அளவு இடத்துல தினம் ரெண்டு வேளை, 7லேர்ந்து 10 நாள் வரைக்கும் போடணும். ஒரு நாள் போட்டுட்டு ஒண்ணும் ஆகலன்னு விட்டுடுறாங்க நிறைய பேரு, ஆனா அலர்ஜி பல சமயம் உடனே காட்டாது, ரெண்டு மூணு நாள் கழிச்சுகூட சிவந்து அரிக்க ஆரம்பிக்கும். ஃபேஸ்வாஷா இருந்தா அஞ்சு நிமிஷம் வச்சுட்டு கழுவிடுங்க. கையில இடத்துக்கா பஞ்சம், இடது கைல கிரீம், வலது கைல தைலம், கொஞ்சம் தள்ளி பன்னீர்னு எல்லாத்தையும் ஒரே நேரத்துல டெஸ்ட் பண்ணிடலாம், எது எங்கன்னு மட்டும் போன்ல குறிச்சு வச்சுக்கோங்க. சிவந்துச்சு, எரிஞ்சுச்சுன்னா கழுவிட்டு அதை ஓரங்கட்டுங்க, அடங்கலன்னா டாக்டர்கிட்ட காட்டுங்க.

கை பாஸ் பண்ணினது மட்டும் முகத்துக்குப் போகும், அதுவும் ஒவ்வொண்ணா. முதல் வாரம் ஃபேஸ்வாஷ் மட்டும், மத்ததெல்லாம் உங்க பழைய பொருளே. அடுத்த வாரம் கிரீம். தைலத்தைக் கடைசியா விடுங்க, ஏன்னா பரு வர்ற முகத்துக்கு எண்ணெய் ஒத்துக்காம போக வாய்ப்பு ஜாஸ்தி, அதுவும் சென்னை மே மாச புழுக்கத்துல சொல்லவே வேணாம். ஏற்கனவே டாக்டர் பருவுக்கு அடாபலீனோ ட்ரெட்டினாயினோ எழுதிக் குடுத்திருந்தா அவர்கிட்ட கேக்காம புதுசா எதையும் சேக்காதீங்க. கல்யாணத்துக்கு முந்தின வாரம் இந்த வேலையே ஆரம்பிக்காதீங்க அம்மணிகளே, அய்யாக்களே.

போடுற வரிசை ரொம்ப சிம்பிள், தண்ணியா இருக்குறது முன்னாடி, கெட்டியா இருக்குறது பின்னாடி. ராத்திரி முகம் கழுவிட்டு, ஈரம் முழுசா காயுறதுக்குள்ள பன்னீர், மேல கிரீம், கடைசியா தைலம். தைலம் மூணே சொட்டு, உள்ளங்கைல தேச்சு முகத்துல ஒத்தி எடுங்க, பரோட்டா மாவு மாதிரி பிசைய வேணாம். தலகாணி உறை மஞ்சளாகும், பழைய உறையைப் போட்டுக்கோங்க. பகல்ல கிரீமுக்கு மேல சன்ஸ்க்ரீன் கண்டிப்பா வேணும்.

"இத்துணூண்டு பாட்டில் எத்தனை நாளைக்கு வரும்"னு கேப்பீங்க. ஒரு மில்லிக்கு 20 சொட்டுன்னு வச்சாலே 10 மில்லி தைலம் 200 சொட்டு, ராத்திரிக்கு மூணுன்னா ரெண்டு மாசம் தாண்டும். 15 கிராம் கிரீம், தடவைக்கு கால் கிராம் பட்டாணி அளவுன்னா ஒரு வேளைக்கு 60 நாள். சன்ஸ்க்ரீன் மட்டும் இந்தக் கணக்குல வராது, ரெண்டு விரல் நீளம் எடுத்தாலே கிட்டத்தட்ட ஒரு கிராம், அதனால செட்ல குட்டி சன்ஸ்க்ரீன் இருக்குன்னு அதுக்காக விலை ஏத்திக் குடுக்காதீங்க.

ஊருக்கு எடுத்துட்டுப் போறவங்களுக்கு: 2006லேர்ந்து வெளிநாட்டு ஃப்ளைட்ல கைப்பைல திரவம் ஒரு பாட்டில் 100 மில்லிக்கு மேல கூடாது, எல்லாம் சேந்து ஒரு லிட்டர் ட்ரான்ஸ்பரன்ட் பைக்குள்ள அடங்கணும், பெரும்பாலான ஏர்போர்ட்ல இன்னும் இதுதான். பாட்டில் மேல போட்டிருக்குற அளவுதான் கணக்கு, 150 மில்லி பாட்டில்ல அடியில கொஞ்சமா இருந்தாலும் தூக்கி குப்பைல போட்டுடுவாங்க. தைல பாட்டில் மூடிக்கு அடியில ஒரு துண்டு க்ளிங் ஃபிலிம் வச்சு திருகிடுங்க, ஒழுகாது. கார் டேஷ்போர்டுல வெயில்ல விட்டுடாதீங்க.

மாசம் ஒண்ணு ஓடினதும் செட்ல எதை பெருசா வாங்கலாம்னு பாருங்க. தோல் புதுப்பிக்கவே சுமாரா நாலு வாரம் ஆகும், அதுக்கு முன்னாடி தெரியுற பளபளப்பு பெரும்பாலும் எண்ணெயோட மினுமினுப்புதான். என்னைக் கேட்டா ஃபேஸ்வாஷுக்கு லக்ஷரி காசு தர மாட்டேன், ஒரு நிமிஷத்துல சிங்க்ல போயிடுது. ராத்திரி முழுக்க முகத்துல இருக்குற கிரீமோ தைலமோ ஒண்ணு பிடிச்சிருந்தா அதை மட்டும் ஃபுல் சைஸ் வாங்குங்க, வாங்கும்போது தயாரிப்புத் தேதியையும் திறந்த டப்பா படத்துக்குள்ள 6 எம், 12 எம்னு போட்டிருக்கான்னும் பாருங்க. அது திறந்ததுக்கு அப்புறம் எத்தனை மாசம் வச்சுக்கலாம்ங்கற கணக்கு. திறந்த தேதியை ஒரு பேனாவால டப்பா அடியில எழுதி வச்சுடுங்க.